ஆறு வருடம் மரம் வளர்த்தும் மண்ணின் பாக்டீரியா மாறவில்லையா?

வேர்த்தேடல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மனது சரியில்லாமல்தான் எழுதுகிறேன். சுரங்கம் மூடிய பிறகு கழிவுமேட்டை நிரவி, மேல்மண் பரப்பி மீட்டெடுத்த ஒரு நிலத்தில் ஆறு வருடங்களாக மரம் வளர்த்து வருகிறோம். புங்கன், வாகை, வேம்பு, ஓரத்தில் சவுக்கு. கன்றுகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்திலேயே ஒரு துண்டு நிலத்தில் புல் விதை மட்டும் தூவி விட்டிருந்தோம்.

போன மாதம் இரண்டு இடத்து மண்ணையும் டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினோம். அறிக்கை வந்திருக்கிறது. பாக்டீரியாப் பன்மைக் குறியீட்டெண் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) மரப்பகுதியில் 5.1, புல்பகுதியில் 5.2. "அப்படியென்றால் மரம் நட்டு என்ன பயன், புல்லே போதுமே" என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். அடுத்த கட்ட நடவு இந்தக் கேள்விக்கான பதிலை நம்பித்தான் இருக்கிறது. மண்ணுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லையா?

---

நுண்ணோக்கி

சகோதரி, அந்தக் குறியீட்டெண்ணை முதலில் ஓரமாக வையுங்கள். எத்தனை வகை இருக்கிறது, அவை எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்பதைத்தான் அது சொல்லும். யார் யார் என்று கேட்காது. நூறு வகை போய் வேறு நூறு வகை வந்து உட்கார்ந்தாலும் அதே எண்தான் வரும். அறிக்கையின் பின்பக்கம் பெயர்ப் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள். இலகுவான சர்க்கரை கிடைத்தால் மளமளவென்று பெருகும் கூட்டம் ஒன்று உண்டு; புரோட்டியோபாக்டீரியாவில் பல அப்படிப்பட்டவை. கிடைப்பதை வைத்து மெதுவாக வாழும் கூட்டம் இன்னொன்று. அசிடோபாக்டீரியாவில் பல அந்த வகை. இவற்றின் விகிதம் இரண்டு இடத்திலும் எப்படி இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இன்னொன்று. மண் பாக்டீரியாப் பன்மையை எது தீர்மானிக்கிறது என்று நோவா ஃபியரர், ராபர்ட் ஜாக்சன் இருவரும் வட, தென் அமெரிக்காவின் 98 மண் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான ஆய்வு அது. வெப்பநிலையோ நில நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரமோ பெரிதாகப் பேசவில்லை. மண்ணின் பிஹெச்தான் பேசியது. உங்கள் இரண்டு இடத்திலும் பிஹெச் ஒன்றாக இருக்கும்போது பன்மை எண் மட்டும் எப்படி விலகும்? அறிக்கை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் சரியில்லை.

மாதிரி எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை எடுத்தீர்கள், எந்த ஆழம்?

---

வேர்த்தேடல்

வரிசைகளுக்கு நடுவில்தான் எடுத்தோம், மரத்தின் வேரைக் காயப்படுத்த வேண்டாமே என்று. 20 செ.மீ. ஆழம் வரை. பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, பகுதிக்கு ஒரு பொட்டலம் அனுப்பினோம். முதல் மழை பெய்த மறுநாள். அன்றுதான் மண் கொஞ்சம் இளகியிருந்தது.

---

நுண்ணோக்கி

இதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. வருத்தப்படாதீர்கள், எல்லோரும் செய்வதுதான்.

வேரிலிருந்து சர்க்கரையும் அமிலங்களும் கசிகின்றன. அதைத் தின்ன பாக்டீரியா கூடுகிறது. அந்த இடத்துக்கு 1904இலேயே லோரன்ஸ் ஹில்ட்னர் தனிப்பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான். வரிசைக்கு நடுவில் எடுத்த மண்ணில் மரத்தின் கைவரிசையைத் தேடுவது, பந்தி நடக்கும் வீட்டை விட்டுவிட்டு அடுத்த தெருவில் போய் இலையை எண்ணுவது போல.

இரண்டாவது, காய்ந்து கிடந்த மண் திடீரென்று நனையும்போது நுண்ணுயிர்கள் பொங்கி எழுந்து மூச்சு விடும். 1958இல் பிர்ச் என்பவர் இதை விரிவாக எழுதியதால் பிர்ச் விளைவு என்றே பெயர். ஒரு நாள் கொதிப்பு அது. அன்று எடுத்த மாதிரியை வைத்து ஆறு வருடக் கதையைச் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் பெரியது. பத்து இடத்தையும் கலந்து ஒரு பொட்டலமாக்கினால் பகுதிக்கு ஒரே ஒரு எண்தான் கையில் இருக்கும். மரப்பகுதிக்குள்ளேயே இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபாடு என்று தெரியாமல், மரத்துக்கும் புல்லுக்கும் வேறுபாடு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "வேறுபாடு இல்லை" என்று சொல்லும் உரிமை உங்கள் மேலிடத்துக்கும் கிடையாது.

மண்ணில் செத்துப்போன செல்லின் டிஎன்ஏவும் வெகுநாள் கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 2016இல் வந்த ஓர் ஆய்வில், மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரிய டிஎன்ஏவில் சராசரியாக 40 விழுக்காடு அப்படிப்பட்ட மிச்சம் என்று கண்டார்கள். பரப்பிய மேல்மண்ணோடு வந்த பழைய கூட்டத்தின் சுவடும் உங்கள் அறிக்கையில் கலந்திருக்கலாம்.

---

புல்வெளி

நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். அக்காவின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் மரம் என்றாலே மண் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

முதல் ஐந்தாறு வருடத்தில் பாக்டீரியாவுக்குச் சோறு போடுவது புல்தான். புல்லின் மெல்லிய வேர் மேல் பத்து, பதினைந்து செ.மீ. முழுவதும் பின்னிக் கிடக்கும். வேர் சாகும், புதிதாக முளைக்கும், திரும்பச் சாகும். அத்தனையும் உணவு. அதே வயதில் மரக்கன்று என்ன செய்கிறது? மூன்று மீட்டருக்கு ஒன்று நிற்கிறது, நடுவில் வெறும் தரை. இலையும் இன்னும் போதிய அளவு கொட்டவில்லை. அந்த மண்ணில் பாக்டீரியா எதைத் தின்னும்?

என்ன மரம் என்பதும் உண்டு. தைல மரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு வளர்த்தோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்தச் சருகில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 25க்கு 1 என்ற அளவைத் தாண்டினால் பாக்டீரியா மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. ஏற்கெனவே ஒன்றுமில்லாத நிலத்தில் இது பட்டினிக்கு மேல் பட்டினி.

---

மேல்மண்

புல்வெளி தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் 1977இல் சுரங்க நில மீட்புக்குக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. சரிவு சரியக்கூடாது, மண் அரிக்கக்கூடாது என்பது நல்ல நோக்கம்தான். நடைமுறையில் அப்பலாச்சிய மலைப்பகுதியில் என்ன ஆனது என்றால், கனரக வண்டிகளை ஓட்டி ஓட்டித் தரையை இறுக்கினார்கள், மேலே அடர்த்தியாகப் புல் விதைத்தார்கள். பார்க்கப் பச்சை. ஆனால் அதில் நட்ட மரம் தேறவில்லை. இறுகிய தரையும் புல்லின் போட்டியும் சேர்ந்து கன்றை முடித்துவிட்டன. காடாக இருந்த இடம் புல்லாகவே நின்றுவிட்டது. பிறகுதான் 2004இல் அங்கே மறுகாடாக்க முயற்சி ஒன்று தொடங்கி, 4 அடி ஆழத்துக்காவது மண்ணை இறுக்காமல் தளர்வாக விடுங்கள், மரத்தோடு சண்டை போடாத தரைப் பயிராகப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே புல்லா மரமா என்பதற்கு முன்னால், தரை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நான் முப்பது வருடம் மண் அள்ளிய ஆள். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, வேலை முடியும் வரை குவித்து வைப்பார்கள். ஓர் இடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு குவியல், நான்கு வருடம் அப்படியே கிடந்தது. அதைப் பிரித்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். மேலே ஒரு முழம் பழுப்பு மண், மழை மண்ணின் வாசனை. அதற்குக் கீழே நிறம் நீலச் சாம்பலாக மாறியது. எந்திரத்தின் வாளி உள்ளே போனதும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா கந்தகத்தைக் கொண்டு மூச்சு விட்டால் வரும் வாடை அது. காற்று வேண்டிய நல்ல கூட்டமெல்லாம் உள்ளே ஒடுங்கிப் போயிருந்தது; மரத்துக்குத் துணை நிற்கும் வேர்ப்பூஞ்சையும் அப்படித்தான். அந்த மண்ணைத்தான் பரப்பி, "மேல்மண் இட்டாயிற்று" என்று எழுதினார்கள். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

அம்மா, உங்கள் இடத்து மேல்மண் எவ்வளவு காலம் குவிந்து கிடந்தது? ஒரு கம்பியை எடுத்து வரிசை நடுவில் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு ஆழம் இறங்குகிறது?

---

வேர்முடிச்சு

ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். சுரங்கக் கழிவு மண்ணை "உயிரற்ற மண்" என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் கலந்த கழிவில் மரம் வருவதற்கு முன்பே பாக்டீரியா குடியிருக்கிறது. அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் இரும்பையும் கந்தகத்தையும் எரித்து வாழ்கிறது, பிஹெச்சை 3க்கும் கீழே இழுத்துவிடுகிறது. அமில நீரில் இரும்பு தானாக ஆக்சிஜனோடு சேரும் வேகத்தைவிட, பாக்டீரியா இருந்தால் பத்து லட்சம் மடங்கு வரை வேகம் கூடும் என்று 1970இலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் சுண்ணாம்பு இடாமல் மரம் நடுவது கன்றைக் கொல்வதற்குச் சமம்.

புங்கன், வாகை இரண்டும் வேர் முடிச்சில் ரைசோபியம் வகைப் பாக்டீரியாவோடு கூட்டுச் சேர்ந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். 1888இல் பெய்ரிங்க் முடிச்சிலிருந்து பிரித்தெடுத்த அந்தக் குடும்பம்தான். சவுக்கு சேருவது ஃபிராங்கியா என்ற இழைப் பாக்டீரியாவோடு. அதன் முடிச்சு பவளக் கொத்துப் போல, கட்டையாக இறுகி இருக்கும். வேம்புக்கு இந்தக் கூட்டே கிடையாது. நான்கையும் ஒரே "மரப்பகுதி" என்று எடுத்துக்கொண்டால் உள்ளே நடப்பதெல்லாம் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

வேலை எளிது. ஒரு புங்கனின் ஓரத்தில் மெதுவாகத் தோண்டுங்கள். முடிச்சு இருந்தால் நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு புரதம் அங்கே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் ஓய்ந்துவிட்டது. முடிச்சே இல்லையென்றால் மணிச்சத்தையும் மாலிப்டினத்தையும் பாருங்கள். பிஹெச் 5ஐ ஒட்டி இறங்கும்போது மாலிப்டினம் செடிக்குக் கிடைப்பது குறையும், அலுமினியம் நஞ்சாக ஏறும்.

---

புல்வெளி

வேர்முடிச்சு ஐயா, தழைச்சத்தைப் பிடிக்கும் மரங்களை மட்டும் நெருக்கமாக வைத்தால் மண் இன்னும் புளிக்காதா? பிடித்த தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அமிலத்தையும் சேர்த்தல்லவா விடுகிறது?

---

வேர்முடிச்சு

புளிக்கும். மறைக்க வேண்டியதில்லை. தழைச்சத்தைப் பிடிக்கும் இன்னொரு மரமான ஆல்டரின் காடுகளில் அப்படி நடந்திருக்கிறது. நைட்ரேட் நீரோடு கீழே இறங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், அமிலம் மட்டும் மேலே தங்கும். அதனால்தான் கலந்து நட வேண்டும் என்கிறேன். பக்கத்தில் வேம்பு போன்ற மரம் இருந்தால் அந்த நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். அக்கா கலந்துதான் நட்டிருக்கிறார்கள்.

---

வேர்த்தேடல்

பதினேழு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். நீங்கள் எல்லோரும் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் கம்பி. வரிசை நடுவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இறங்கியது, அதற்கு மேல் என் முழு எடையையும் போட்டு நின்றும் அசையவில்லை. எட்டு இடத்தில் பார்த்தேன், எட்டிலும் அதே கதை. பிறகு ஒரு புங்கனின் அருகே காலையில் தோண்ட ஆரம்பித்தேன். நடவுக்குழி அரை மீட்டர் அகலம், தொழுவுரம் கலந்து நிரப்பியது. குழிக்குள் கடப்பாரையே தேவைப்படவில்லை, கையாலேயே மண் வந்தது. கறுத்து, பொலபொலவென்று, உருண்டை உருண்டையாக. வேரை உயர்த்தினால் மண் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. முடிச்சுகள் மிளகு அளவில் கொத்தாக இருந்தன. ஒன்றைக் கிள்ளினேன். இளஞ்சிவப்பு. அந்த நிறத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு குழியின் சுவரைத் தேடினேன். அது மண் இல்லை, செங்கல். வேர் அந்தச் சுவர் வரை போய், முட்டி, திரும்பி, சுவரை ஒட்டியே வட்டமாகச் சுற்றியிருந்தது. தொட்டியில் வளர்த்த செடியைக் கவிழ்த்தால் வேர் எப்படி இருக்குமோ அப்படி. விரல் பருமன் வேர் ஒன்று மட்டும் ஒரு வெடிப்பு வழியாக வெளியே நுழைந்திருந்தது. அந்த வெடிப்பைப் பின்தொடர்ந்து முக்கால் மீட்டர் போனேன். வெடிப்பின் இரு பக்கமும் விரல் அகலத்துக்கு மண் கறுத்திருந்தது, அதைத் தாண்டினால் பழைய மஞ்சள் களி. கடைசி முனையில்கூட இரண்டு முடிச்சு இருந்தது.

மேலும் மூன்று புங்கன், இரண்டு வாகை, ஒரு வேம்பு தோண்டினேன். எல்லாமே தொட்டியில்தான் இருக்கின்றன. ஆறு வருடமாக நான் காடு வளர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை மரமும் அரை மீட்டர் குழிக்குள் அடைபட்டு நின்றிருக்கிறது. வரிசை நடுவில் நான் எடுத்த மண்ணுக்கு எந்த மரமும் இதுவரை வந்து சேரவே இல்லை. அது பரப்பிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே, மேலே கொஞ்சம் புல்லோடு இருக்கிறது. பிறகு அறிக்கை ஒன்றுபோல வராமல் எப்படி வரும்?

குவியல் எவ்வளவு காலம் கிடந்தது என்று கேட்டீர்கள் ஐயா. பதிவேட்டில் அந்தப் பக்கமே இல்லை.

---

மேல்மண்

நான் பயந்தது இதைத்தான். மண்ணின் எடை ஒரு கன செ.மீ.க்கு 1.6, 1.7 கிராமைத் தாண்டினால் பெரும்பாலான மரத்தின் வேர் திணறும். களியாக இருந்தால் அதற்கும் முன்பே. உங்கள் சுவர் அந்த அளவுக்கு மேலே இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இருக்கிற மரத்தைக் காயப்படுத்தாமல் செய்யலாம். குழிச் சுவரில் நான்கு திசையிலும் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் போல வெளிப்பக்கம் வெட்டுங்கள். முடிந்தால் முழங்கால் ஆழம். மக்கிய உரமும், அந்தக் குழிக்குள் இருக்கும் கறுப்பு மண்ணில் ஒரு கூடையும் கலந்து நிரப்புங்கள். அந்த ஒரு கூடையில் கூட்டம் மொத்தமும் இருக்கிறது, வெளியிலிருந்து புட்டியில் வாங்க வேண்டியதில்லை. மேலே சருகு மூடாக்கு. அடுத்த கட்ட நிலத்தில் நடுவதற்கு முன்பே ஆழ உழுது பிளந்துவிடுங்கள், காய்ந்த காலத்தில் மட்டும். ஈரக் களியில் உழுதால் மண் நொறுங்காது. கொழு போகும் வழியெல்லாம் வழவழவென்று பூசிக்கொண்டு இன்னொரு சுவர் எழும்பும்.

---

புல்வெளி

அக்கா, அந்த வெடிப்பைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். இரு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது என்றீர்களே, அது மரம் செய்தது. புல் அந்த ஆழத்துக்கு வந்திருக்காது. மேல் பத்து செ.மீ.க்குப் புல் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் கீழே போவதற்கு மரம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரிசை நடுவில் அடர்புல் வேண்டாம். தட்டைப்பயறு, கொள்ளு மாதிரி தாழ்ந்து படரும் பயறு ஏதாவது விதையுங்கள், வெறும் தரையாக மட்டும் விடாதீர்கள்.

---

நுண்ணோக்கி

மேலிடத்துக்கு அனுப்பும் பதிலில் குழியின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள், பக்கத்தில் அளவுகோலோடு. எந்த வரைபடத்தையும்விட அது பேசும்.

அடுத்த மாதிரிக்கு இப்படிச் செய்யுங்கள். புங்கனில் ஐந்து, வேம்பில் ஐந்து, புல்லில் ஐந்து இடம். மரம் ஒவ்வொன்றிலும் மூன்று பொட்டலம்: வேரை உதறியபின் ஒட்டியிருப்பதைத் தூரிகையால் தட்டி எடுத்தது, குழி மண், குழிக்கு வெளியே அரை மீட்டரில் எடுத்தது. எதையும் கலக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பிஹெச் தனித்தனியாகப் பாருங்கள். மழை நின்று இரண்டு மூன்று வாரமாவது ஆகியிருக்கட்டும். இடத்துக்கு இடம் மண்வெட்டியைக் கழுவி ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். பொட்டலம் உடனே பனிக்கட்டிப் பெட்டிக்குள் போக வேண்டும். டிஎன்ஏவோடு குளோரோஃபார்ம் முறையில் நுண்ணுயிர்க் கரிமத்தையும் அளக்கச் சொல்லுங்கள். டிஎன்ஏ பட்டியல் விகிதத்தைத்தான் சொல்லும். மொத்தம் எவ்வளவு உயிர் என்பது இதில்தான் தெரியும்.

பணம் போதவில்லையென்றால் ஒரே அளவில் வெட்டிய வெள்ளைப் பருத்தித் துணியைக் குழிக்குள்ளும் வெளியிலும் புதைத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் புதைத்து, ஒரே நாளில் எடுத்து, எது எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பாருங்கள்; அதிகம் மக்கிய இடத்தில் நுண்ணுயிர் வேலை அதிகம்.

---

வேர்த்தேடல்

துணி நேற்றே புதைத்துவிட்டேன், இருபது துண்டு. வெளிப்பக்கத் துண்டுக்குக் குழி தோண்டத்தான் கடப்பாரை வளைந்தது. நான்கு புங்கனுக்கு வாய்க்கால் வெட்டி முடித்தாயிற்று, ஐந்தாவதற்கு நாளைக் காலையில் போகிறோம். படத்தை நாளைக்கே அனுப்பிவிடுகிறேன். ஆறாவது வாரம் துணியை எடுத்ததும் இங்கேயே வந்து எழுதுகிறேன்.